எங்கள் வீட்டில் யார் வீக்

எனக்குப் பத்து வயது நடந்தபோது டைபாய்டு காய்ச்சல் வந்தது. பாகூருக்கும் சோரியாங்குப்பத்துக்கும் நடுவே, ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் இருந்தன. நடவு நேரம் அது. அம்மா நடவைப் பாதியில் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு பாண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். காய்ச்சல் முழுசாக விடும்வரை என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "பொண்ணு ரொம்ப வீக்கா இருக்கா. நல்லா பாத்துக்குங்க" என்றார்.

அவர் அந்த மாதத்துக்குச் சொன்னார். அம்மா அதை என் ஆயுளுக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தவளக்குப்பத்தில் பஸ் மாறக் காத்திருந்தோம். தெரிந்தவர்கள் இரண்டு பேர் குழந்தைக்கு என்ன என்று விசாரித்தார்கள். அம்மா காய்ச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் வீக் என்று சொல்லிவிட்டார் என்றாள். குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பெருமையாகக்கூட. கேட்டவர்களும் அதற்குமேல் எதுவும் கேட்காமல் தலையாட்டினார்கள்.

அந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. டார்ச் லைட் மங்கினால் பேட்டரி வீக்கு. சாயங்காலம் பல்பு சிவந்து எரிந்தால் கரண்டு வீக்கு. மழையில் ஊறிய மண்சுவர் வீக்கு. எலெக்‌ஷன் நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து எந்தக் கட்சி எந்த ஊரில் வீக்கு என்று பேசுவார்கள். ஆனால் மனுஷருக்கு அதைச் சொல்லும்போது மட்டும் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். நோஞ்சான் என்றால் வசவு. சோகை பிடித்தவள் என்றால் சண்டை வரும். வீக் என்றால் டாக்டர் சொன்னது, மறுபேச்சு கிடையாது. பலவீனம் என்று ஒரு சொல் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் அதை நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தனிக் கவனிப்பு. காலையில் பாலில் முட்டை அடித்துக் கொடுப்பாள் அம்மா. கோழி அடித்தால் ஈரல் எனக்கு. நல்லவாட்டிலிருந்து மீன் கூடை சுமந்து வருகிற அம்மாளிடம் எனக்கென்று பால்சுறா கேட்டு வாங்குவாள். கிணற்றில் தண்ணீர் இழுக்கக் கூடாது, வெயிலில் களத்துக்கு வரக் கூடாது, ஈரத் தலையோடு உட்காரக் கூடாது. என் வயதுப் பெண்கள் நடவுக்கும் களையெடுக்கவும் போகத் தொடங்கியபோது நான் வாசலில் நின்று அவர்கள் போவதைப் பார்த்தேன். யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொள்வாள், அது வீக்கு என்பாள்.

அண்ணனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. அவனுக்கு இதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. என்னைக் கூப்பிடும் பேராகவே அதை வைத்துக்கொண்டான்.

பாகூர் ஹைஸ்கூலில் அந்த வார்த்தை இன்னொரு பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. கணக்கு வந்தது, தமிழ் நன்றாகவே வந்தது. இங்கிலீஷ் வரவில்லை. வாத்தியார் வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து, நீ இங்கிலீஷில் வீக் என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இமையை இழுத்துப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாரே என்று நினைத்தேன். ஒருநாள் டிக்டேஷனில் அவர் அந்தச் சொல்லையே கொடுத்தார். நான் ஏழு நாள் சேர்ந்த வாரத்துக்கு எழுதுகிற எழுத்துகளை எழுதிவைத்தேன். ஓசை ஒன்றுதான், எழுத்து வேறு, அர்த்தம் வேறு என்று அவர் கரும்பலகையில் இரண்டையும் எழுதிக் காட்டினார். பையன்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் கொஞ்ச காலம் என்னை 'ஏழு நாள்' என்று கூப்பிட்டார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதுகிறேன் என்றேன். அப்பா கெட்டவர் இல்லை. வீக்கான பெண், படித்தது போதும், இன்னொரு தடவை எழுதப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். எழுதினால் உடம்பு எப்படிக் கெடும் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. வீட்டோடு இருந்தேன். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள்.

வில்லியனூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களும் கரும்பு வைக்கிற சம்சாரிகள்தான். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அத்தை மெதுவாக எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கிணற்றடியில் நின்றுகொண்டு, ஒரு குடம் தண்ணி சேந்திக் குடும்மா என்று என்னைக் கேட்டார். கால் கழுவத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் கயிற்றைத் தொட்டேன். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். தானே விறுவிறுவென்று இழுத்தாள். குடத்தை நிரப்பி அவர் காலடியில் வைத்துவிட்டு, "அது கொஞ்சம் வீக்குங்க. நான் இருக்கறன், எல்லாம் பாத்துக்குவன்" என்றாள்.

அத்தை என்னை ஒருமுறை பார்த்தார். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அவர்கள் பிறகு தகவல் அனுப்பவில்லை.

ஆனால் எனக்கு அந்த நாள் நினைவிருப்பது அந்தச் சம்பந்தத்துக்காக அல்ல. எல்லோரும் உள்ளே போன பிறகு அம்மா கிணற்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு குடம் தண்ணீர்தான். வாயால் மூச்சு வாங்கினாள். உதடு வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் போனதும், "நீ வெயில்ல நிக்காத, போ" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் அம்மாவைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கத் தொடங்கியதும் எல்லாம் கண்ணில் பட்டது. எப்போதும் மடியில் பச்சரிசி முடிந்துவைத்து மென்றுகொண்டே இருப்பாள். அரிசி தின்னி என்று அப்பாவே கேலி செய்வார். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். அந்த வீக்கத்தை எல்லோரும் பார்த்தோம், நாளெல்லாம் சேற்றில் நின்றதால் வந்தது என்று விட்டுவிட்டோம். மாசா மாசம் அவளுக்குப் பெரும்பாடு. போக்கு நிற்காது. வீட்டு விலக்கு என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்குப் பிறகும் அது தொடரும். துணியை வேறு யாரும் பார்க்காமல் வாய்க்காலில் விடியும் முன்பே அலசிக்கொண்டு வருவாள். நான் கேட்டபோது, பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கறதுதான் என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். உன் தம்பி தங்கவில்லையே, அதற்கப்புறம்தான் என்றாள். எனக்கு ஐந்து வயதில் ஒரு குழந்தை பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். அப்படியானால் எனக்கு டைபாய்டு வந்து என்னோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவளுக்கு அது இருந்திருக்கிறது.

கரும்புக்குத் தோகை உரித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் தோட்டத்திலேயே விழுந்துவிட்டாள். கூட இருந்த பெண்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அப்பா சோடா வாங்கி வரச் சொன்னார். வெயில்தான் என்றார். அம்மாவும் வெயில்தான் என்றாள். மறுநாள் காலையில் முந்தானையைச் செருகிக்கொண்டு அரிவாளைத் தேடினாள்.

அம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரப் போகிறது, கரும்பு வெட்டு முடியட்டும் என்றார். நான் மறுபடி சொன்னேன். அம்மா வீக்காக இருக்கிறாள் என்றேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"அம்மாவா? அம்மா வீக்குன்னா அப்பறம் நீ இன்னா?"

அப்பாவும் சிரித்தார். அம்மாவே சிரித்தாள். அவளுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. விடிந்ததிலிருந்து அடங்கும்வரை ஓடுகிறவளை எப்படி வீக் என்பது என்று அவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வேலை செய்யாதவருக்குத்தான் பொருந்தும். வேலை செய்துகொண்டே ஒருவர் வீக்காக இருக்க முடியும் என்பது அந்த வார்த்தையின் அர்த்தத்தில் சேரவே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. இவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது என்று மட்டும் தெரிந்தது. என்னிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையே எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்ததும், எனக்குத் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அம்மா அரிவாளைக் கீழே போட்டாள். அப்பா உடனே பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார். அம்மா என் தலையை வாரிவிட்டு, ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்து நிறுத்தத்தில் பஸ் ஏற்றினாள். தவளக்குப்பத்தில் பாண்டி பஸ்ஸில் கூட்டம். எனக்கு மட்டும் ஓர் இடம் கேட்டு வாங்கி உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து அவளை உட்காரச் சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி, இது வீக்கு என்று சொல்லி என்னை மறுபடி உட்காரவைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்குப் போனோம். டாக்டரம்மா நடு வயது, கண்ணாடி போட்டவர், முகத்தில் சிரிப்பில்லை. எங்கள் முறை வந்ததும் ஸ்டூலில் நான் உட்காரவில்லை. அம்மாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். அம்மா எழப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லிங்க. இதப் பாருங்க. இதுதான் வீக்கு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், எனக்கு ஒன்றும் இல்லை, பொய் சொல்லித்தான் அழைத்து வந்தேன், எங்கம்மாவுக்குப் பல வருஷமாகப் பெரும்பாடு, கரும்புத் தோட்டத்தில் விழுந்துவிட்டாள், மூச்சு வாங்குகிறது, அரிசி தின்கிறாள் என்று. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் அம்மா பேசிவிடுவாள் என்ற பயம்.

அவர் முதலில் என் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவுடையதை இழுத்தார். உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. நகத்தை அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், திரைக்குப் பின்னால் படுக்கவைத்துச் சோதித்தார். வெளியே வந்து கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"உங்க பொண்ணு நல்லா இருக்கா. வீக்கு நீங்கதாம்மா. உடம்புல பாதி ரத்தம் இல்ல, அதான் அரிசி திங்கத் தோணுது. நீங்க நடந்து வந்ததே எனக்கு ஆச்சரியமா இருக்கு."

அம்மாவின் முகத்தில் பயத்தைவிட ஒரு கூச்சம்தான் தெரிந்தது. தனக்குச் சேராத ஒரு நல்ல புடவையை யாரோ உடுத்திவிட்ட மாதிரி. கஞ்சியைக் குடி என்று என்னிடம் தூக்கை நீட்டினாள்.

கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. எடுத்துவிட வேண்டும், ஆனால் இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அன்றே படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஊர்க்காரர் ஒருவரிடம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அப்பாவும் அண்ணனும் பக்கத்து வீட்டில் இருந்த சித்தப்பாவும் வந்தார்கள். அப்பாவின் முகம் ஒரே நாளில் சுருங்கிப்போயிருந்தது. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அம்மாவையே பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தம் வேண்டும் என்பதைச் சொன்னார்கள். வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கொடுத்தால் அதற்குப் பதிலாக அம்மாவுக்குச் சேர்கிற ரத்தம் பாட்டிலில் கிடைக்கும். யார் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

சித்தப்பா நல்ல கட்டு உடம்பு. கரும்புக் கட்டை ஒரே தூக்கில் வண்டியில் ஏற்றுவார். அவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ரத்தம் குடுத்துட்டு அப்பறம் மம்புட்டி புடிக்க முடியுமா? ஆம்பள வீக்காயிட்டா குடும்பம் இன்னா ஆவும், யோசன பண்ணு" என்றார். விலைக்கு யாராவது கொடுப்பார்கள், விசாரிக்கலாம் என்றார். விசாரிக்கப் போனவர் சாயங்காலம்வரை வரவில்லை. அண்ணன் ஊசியைப் பார்த்ததும் வியர்த்துப்போனான். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு ஊர் பஸ்ஸைப் பிடித்தான். அப்பா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

நான் ரத்தம் எடுக்கிற அறையை விசாரித்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் என்னைப் பார்த்து, உன் வயசென்ன என்றார். பத்தொன்பது என்றேன். நிறுவையில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார். விரல் நுனியில் குத்தினார். ஒரு கண்ணாடிக் குவளையில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் இருந்தது. என் ரத்தத்தில் ஒரு சொட்டை அதில் விட்டார். சொட்டு மிதந்தால் ரத்தத்தில் சத்துப் போதாது, எடுக்க மாட்டோம், மூழ்கினால் எடுப்போம் என்றார். அந்தச் சொட்டு நீலத்தில் ஒரு நொடி நின்றது. பிறகு அது கல் மாதிரி நேராகக் கீழே போய்விட்டது.

"நல்லா இருக்கே" என்றார் அவர். என்னைப் பற்றி அப்படிச் சொன்ன முதல் ஆள் டாக்டரம்மா, இரண்டாவது ஆள் அவர்.

பாட்டில் நிரம்பும்வரை நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கையை மூடித் திறக்கச் சொன்னார்கள், செய்தேன். முடிந்ததும் டீயும் பிஸ்கெட்டும் கொடுத்துக் கொஞ்சம் உட்காரச் சொன்னார்கள். தலை சுற்றவில்லை. சுற்றும் சுற்றும் என்று காத்திருந்தேன், சுற்றவே இல்லை. எழுந்து அப்பா உட்கார்ந்திருந்த தூணுக்கு நடந்து போனேன். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அப்பா, நான் நடந்துதான் வரன், பாரு. இன்னும் ஒரு பாட்டில் வேணும். நீ வா."

அவர் பஞ்சைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். உனக்குப் போய் எடுத்தார்களா என்று கேட்டார். எடுத்தார்கள் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து எனக்குப் பின்னால் வந்தார். படுக்கையில் அவர் படுத்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய ரத்தமும் மூழ்கிய ரத்தம்தான்.

அவர் ஊருக்குப் போனதும் படுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தினம் இரண்டு முட்டை கேட்டாராம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ரத்தம் கொடுத்ததில் வீக்காகிவிட்டது என்று சொன்னாராம். இங்கே அம்மா, கையில் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் இறங்கிக்கொண்டிருக்க, "உங்கப்பா சாப்ட்டாரா? வீக்கா இருப்பாரே, யாரு ஆக்கிப் போடறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நானும் கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரிந்தபோது பெரிய ரகளை செய்தாள். நர்ஸைக் கூப்பிட்டு, வீக்கான பெண்ணிடம் எப்படி எடுக்கலாம் என்று சண்டை போட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும், மாத்திரையை விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தூக்காமல் இருப்பது எப்படி என்று அம்மாவுக்குத் தெரியாது. அதனால் நான் அவளுக்கு முன்னால் எழ வேண்டியிருந்தது. தண்ணீர் நான் இழுத்தேன். மாடு நான் பார்த்தேன். வெட்டு தள்ளிப்போயிருந்ததால் தோகை உரிக்கவும் நானே போனேன். முதல் சில நாட்கள் கையெல்லாம் கொப்புளம். தோகையின் விளிம்பு கன்னத்திலும் கழுத்திலும் கோடு கோடாக அறுத்தது. இடுப்பு விட்டுப்போனது. கூட வேலை செய்த பெண்கள் பரிதாபப்பட்டு, நீ வீக்கு, நிழலில் உட்கார் என்றார்கள். உட்காரவில்லை. எனக்குப் பழக்கம்தான் இல்லை, உடம்பு இருந்தது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொப்புளம் காய்ந்து கெட்டித்த பிறகு எனக்கே புரிந்தது. வெட்டு முடிவதற்குள் நான் அவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டே ஒரு பாத்தியை முடிக்கக் கற்றுக்கொண்டேன்.

அதைவிடக் கஷ்டம் அம்மாவைச் சாப்பிடவைப்பது. முட்டையைத் தட்டில் வைத்தால் நான் திரும்புவதற்குள் அது அண்ணன் தட்டுக்குப் போயிருக்கும். கீரையை மட்டும் வழித்துக்கொள்வாள். கடைசியில் நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் விழுங்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்பாவும் அண்ணனும் பசிக்கிறது என்றால் காத்திருக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆண்கள் காத்திருந்து அம்மா முதலில் சாப்பிட்டது அப்போதுதான். அண்ணன் முதல் நாள் முறைத்தான். பிறகு பழகிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த வெட்கம் அவனுக்குள் இருந்திருக்கும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஆனால் மாட்டுத் தொழுவத்தை அவனே கூட்ட ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தவளக்குப்பத்துக்கு சைக்கிளில் போய் ஆட்டு ஈரல் வாங்கி வருவேன். சைக்கிள் அண்ணனுடையது. கறிக்கடை பாய்க்கு எங்களைத் தெரியும். முன்பெல்லாம் அம்மா எனக்காக வாங்கிப் போன கடை. ஈரல் உனக்கா என்று கேட்டார். இல்லை, அம்மாவுக்கு, அவங்கதான் வீக்கு என்றேன். கத்தியை நிறுத்திவிட்டு எப்படி என்று விசாரித்தார். பெரும்பாட்டை அவரிடம் சொல்ல முடியாது. அரிசி தின்பதையும் மூச்சு வாங்குவதையும் சொன்னேன்.

"அரிசி தின்னா அப்பிடியா? எங்க வூட்லயும் திங்குதேமா" என்றார். ஈரலை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். சில வாரம் கழித்துப் போனபோது, பாண்டியில் காட்டினோம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று அவராகவே சொன்னார்.

அந்த வருஷமே நான் இங்கிலீஷ் பரீட்சையை மறுபடி எழுதினேன். அப்பா தடுக்கவில்லை. அந்த முறையும் போய்விட்டது. அதற்கடுத்த முறை பாஸானேன், கரையேறுகிற அளவுக்குத்தான் மார்க். பிறகு பக்கத்து ஊர் பால்வாடியில் வேலை கிடைத்தது. சைக்கிளில் போய்வந்தேன். கல்யாணம் சற்றுத் தாமதமாக நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண் வீக்கு என்று கேள்விப்பட்டோமே என்று இழுத்தபோது, அப்பாவே, யார் சொன்னது, எனக்கு முன்னால் ரத்தம் கொடுத்தவள் என்று சொன்னதை உள்ளே இருந்து கேட்டேன்.

அம்மாவுக்கு உடம்பு தேறியது. முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு நிறம் வந்தது. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அவள் அந்த வெளுப்போடுதான் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. அரிசியைத் தொடவில்லை. மறுபடி நடவுக்குப் போனாள், அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

நான் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். தெருக்கோடி வீட்டில் வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், மூன்று குழந்தைகளுக்குத் தாய், களையெடுக்கும்போது அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அந்த வீட்டு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள். புருஷன் குறுக்கே நின்றிருந்தான். களை பாதியில் கிடக்கிறது, நன்றாகத்தானே நடமாடுகிறாள், இவளுக்கு என்ன வந்தது என்று அவன் கேட்டான்.

"நடமாடுனா நல்லா இருக்கறான்னு யாருடா சொன்னது? கண்ணப் பாரு. பாண்டிக்கு இட்டுனு போறன். களைய நீ எடு" என்றாள் அம்மா.

அதற்குள் பஸ் வந்துவிட, கை காட்டி நிறுத்தினாள். அம்மா அந்தப் பெண்ணை முதலில் ஏற்றினாள். கடைசிக் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தானும் ஏறினாள். அவன் குழந்தையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றான். பிறகு அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வயலைப் பார்த்து நடந்தான்.